செப்பிலி மீனும் நமது கண்மாயும்

கடலுக்குப் பல மைல் தூரம் உள்நாட்டில், வானத்தை நோக்கிக் கரிசலை உழுது ஜீவனம் செய்யும் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு ஒரு கடல்மீனைப்பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. மிளகாயைப்பற்றியும் பருத்தியைப்பற்றியும் குதிரைவாலியைப்பற்றியும் எழுதவேண்டிய பக்கத்தில் மீனுக்கு இடங்கொடுப்பதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அத்தகைய காரணங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, அம்மீன் நம் சந்தைக்கு வருகின்றது. இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டிகளில் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வரும் மீன்களில் செந்நிறச் செப்பிலிக்கு எப்பொழுதும் மதிப்புண்டு. இரண்டாவது, கிணற்று நீர் உவர்த்துப்போன நிலங்களில் குளம் வெட்டிக் கடல்மீன் வளர்த்தால் என்ன என்னும் யோசனை இக்காலத்தில் சில நிலச்சொந்தக்காரர்களின் மனத்தில் எழுகின்றது. அந்த யோசனையில் பணத்தைப் போடுமுன் அம்மீனின் குணத்தை அறிந்துகொள்ளுதல் அவசியம். மூன்றாவது, இம்மீனின் வரலாற்றில் நமது கண்மாய் மீன்பாசிக் குத்தகைக்கு ஒரு நல்ல பாடம் அடங்கியிருக்கின்றது. இம்மூன்றையும் முறையே ஆராய்ந்து எமது அபிப்பிராயத்தை வெளியிடுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

மீனின் இயல்பு

செப்பிலி என்பது ஒரே மீனின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். உலகத்தின் வெப்பக் கடல்களில் இக்குடும்பத்தைச் சேர்ந்த இனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை வாழ்கின்றன. கரைக்குக் கரை பெயர் மாறுவதுமுண்டு. சங்கரா என்னும் பெயரால் செப்பிலியையும் வேறு சில செந்நிற மீன்களையும் ஒருங்கே வழங்குவர். மலையாளக் கரையில் செம்பல்லி என்பர். இக்குடும்பத்தில் சில இனங்கள் ஒரு சாண் நீளத்திலேயே முழு வளர்ச்சி அடைந்துவிடும். வேறு சில ஓர் ஆள் தூக்கச் சிரமப்படும் அளவு வளரும். நாம் இங்கு விசேஷமாக எடுத்துக்கொள்வது கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் இளமையைக் கழித்துப் பின் ஆழ்கடற் பாறைகளுக்குச் செல்லும் பெரிய செப்பிலியாகும். இதற்குச் சாஸ்திரிகள் இட்ட பெயர் லூட்யானஸ் அர்ஜென்டிமாகுலேட்டஸ் என்பது. செங்கடற் பிரதேசத்தில் ஆராய்ச்சி செய்து 1763-இல் யேமன் தேசத்தில் உயிர் நீத்த பீட்டர் பார்ஸ்கால் என்னும் அறிஞர் எழுதிவைத்த குறிப்புகள் 1775-இல் அச்சாகி வெளிவந்தபோது இம்மீன் முதன்முதலாகச் சாஸ்திர உலகுக்கு அறிமுகமாயிற்று. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் நமது மன்னார் வளைகுடா, பாக் ஜலசந்தி வழியாக ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரையில் இது பரவியிருக்கின்றது.

இதன் வாழ்க்கை முறை கவனிக்கத்தக்கது. தாய்மீன் கரையை விட்டு விலகிய ஆழமான பாறைப் பகுதிகளில் முட்டைகளை நீரில் விட்டுவிடுகின்றது. நம் கண்மாயிலுள்ள விரால் தன் பார்ப்புகளைச் செந்நிறக் கூட்டமாகச் சுற்றித் திரியவிட்டு ஆணும் பெண்ணுமாகக் காவல் காப்பதை யாவரும் கண்டிருப்பீர்கள். செப்பிலிக்கு அத்தகைய காவல் கிடையாது. கடுகினும் சிறிய முட்டைகள் கடல்நீரில் மிதந்து ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். வெளிவரும் நுண்ணிய குஞ்சுகளை நீரோட்டம் எங்கெங்கோ கொண்டுசெல்லும். இலட்சக்கணக்கானவற்றுள் மிகச் சிலவே உயிர் தப்பிக் கரையை அடைகின்றன. அடைந்தவை ஆற்று முகத்துவாரங்களிலும், அலையாத்தி வேர்களின் இடுக்குகளிலும், உப்பங்கழிகளிலும் ஒளிந்து வளர்கின்றன. உப்பும் நன்னீரும் கலந்த நீரிலன்றி, முற்றிலும் நன்னீரான ஆற்றுப் பகுதிகளுக்குள்ளும் இக்குஞ்சுகள் ஏறிச் செல்வதுண்டு. அப்பருவத்தில் உடலில் வெளிறிய செங்குத்துப் பட்டைகளும், கன்னத்தில் ஒன்றிரண்டு நீலக் கோடுகளும் காணப்படும். வளர வளர அவை மங்கி, முதுகு கருஞ்சிவப்பாகவும் வயிறு வெளிறியும் மாறும். இரவில் இரை தேடும் இம்மீன் இறாலையும் நண்டையும் சிறு மீன்களையும் தின்று வாழும். மேல்தாடையில் நாய்ப்பல் போன்ற கூரிய பற்களுண்டு. பிடித்த இரையை எளிதில் விடாது. தூண்டிலில் சிக்கினால் பாறை இடுக்குக்குள் பாய்ந்து நரம்பை அறுத்துவிடும்.

பல ஆண்டுகள் கழிமுகத்தில் வளர்ந்தபின், ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் இரண்டு கிலோ எடையும் அடையும் காலத்திலேதான் இது முட்டையிடும் பருவத்தை எய்துகின்றது. அதற்கிடையில் கழியை விட்டு வெளிக்கடலுக்குச் சென்றுவிடும். மீனின் காதிலுள்ள சிறு கல்லை அறுத்துப் பார்த்தால், மரத்தின் அடியில் வளையங்கள் இருப்பதுபோல ஆண்டுக்கு ஒன்றாக வளையம் தென்படும். அவ்விதம் எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர் இவ்வினத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடைய மீன்களைக் கண்டிருக்கின்றனர். ஆகவே இதை ஒரு பருவத்தில் விதைத்து மறுபருவத்தில் அறுக்கும் கம்போடு ஒப்பிடலாகாது. நட்டவன் பேரன் காய்பறிக்கும் பனையோடு ஒப்பிடுவதே பொருந்தும்.

இன்னுமொரு விஷயம் முக்கியமானது. பெரிய தாய்மீனும் சிறிய தாய்மீனும் முட்டையிடுவதில் சமமல்ல. மெக்சிகோ வளைகுடாவிலுள்ள இதன் உறவினமான செஞ்செப்பிலியைப்பற்றி 1990-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அதன்படி 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே தாய்மீன், 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 தாய்மீன்கள் இடும் முட்டைகளுக்குச் சமமான முட்டைகளை இடுகின்றது. இனத்துக்கு இனம் இந்த விகிதம் மாறுபடலாம். ஆயினும் வயது முதிர்ந்த பெரிய மீனே வித்துக் களஞ்சியம் என்னும் தத்துவம் மாறாது. நல்ல குடியானவன் களத்துமேட்டில் திரண்ட கதிரை விதைக்கென்று ஒதுக்கிவைப்பானேயன்றி, திரண்டதையெல்லாம் விற்றுவிட்டுப் பதரை விதைக்கமாட்டான்.

பிடிக்கும் முறைகள்

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் உள்ளன. கீழக்கரை, மண்டபம் முதலிய ஊர்களின் மீனவர்கள் இப்பாறைகளில் கூடு இறக்கிக் கலவா, செப்பிலி, விளைமீன் முதலியவற்றைப் பிடிப்பது நெடுநாளைய வழக்கம். சிம்பு கொண்டு பின்னிய கூட்டினுள் இரையை வைத்துப் பாறையருகே இறக்கிவிடுவர். உள்ளே புகும் வழி அகன்றும், திரும்பும் வழி குறுகியும் இருப்பதால் மீன் அகப்பட்டுக்கொள்ளும். இக்காலத்தில் கம்பிக் கூடுகளும் வழக்கத்திற்கு வந்திருக்கின்றன. மண்டபத்தைச் சூழ்ந்த கூடு மீன்பிடியைப்பற்றி 1954-இலேயே ஒரு விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்திருப்பது இத்தொழிலின் முக்கியத்துவத்துக்குச் சான்று. இதுவன்றி, கைத்தூண்டிலாலும், ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கிகளைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலாலும், செவுள்வலையாலும் செப்பிலியைப் பிடிப்பர். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் கரை என்று வழங்கும் மேட்டுக் கடற்பகுதியும் இவ்வகைப் பாறைமீன்களுக்குப் பேர்போனது. அப்பகுதியின் உரிமை 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையால் இந்தியாவுக்கு உறுதியாயிற்று.

கூடும் தூண்டிலும் மீனைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள். கொக்கியின் அளவும் கூட்டின் கண்ணும் பெரிதாயிருந்தால் குஞ்சு தப்பிவிடும். வேண்டாததை உயிரோடு திருப்பிவிடவும் இடமுண்டு. விசைப்படகு இழுக்கும் மடிவலை அத்தன்மையதன்று. கடலடியைத் துடைத்துக்கொண்டு செல்லும் அவ்வலையில் தாயும் குஞ்சும் இரையும் ஒருங்கே வாரப்படுகின்றன. இத்தீமையைக் குறைக்கவே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் ஏற்பட்டது. 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதபடி தடை விதிக்கப்பட்டு, 2017-இல் அக்காலம் 61 நாட்களாக நீட்டப்பட்டது. கீழ்க்கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான காலம் அது. நிலத்தைத் தரிசு போட்டு ஆற்றிக்கொள்வதுபோலக் கடலுக்கும் ஓர் ஓய்வு கொடுத்திருப்பது நன்றே. ஆனால் பத்து மாதம் வாரியெடுத்ததை இரண்டு மாத ஓய்வு முழுவதும் ஈடுசெய்துவிடும் என்று எதிர்பார்ப்பது, விரைந்து வளரும் மீனுக்கு ஒருவாறு பொருந்தினும், பல ஆண்டுகளுக்குப் பின் முட்டையிடும் பெரிய செப்பிலிக்குப் பொருந்தாது.

வீட்டிற்கும் கேடு வந்தது. முன்னர் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தனர். 1986-இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆயினும் கடல்நீர் அளவுக்குமேல் சூடேறியபோது, 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்து அழிந்தன. தாய்வீடாகிய பாறையும் தொட்டிலாகிய கழியும் இரண்டும் நன்றாயிருந்தாலன்றிச் செப்பிலி நிலைக்காது.

உள்நாட்டாருக்கு உள்ள சம்பந்தம்

தொட்டில் எங்கிருக்கின்றது என்பதைக் கவனித்தால், நமக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் விளங்கும். திருச்சுழியைத் தழுவிக் கமுதி வழியாகச் செல்லும் குண்டாறு மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் கிருதுமால் நதியை நம்பியவை. கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் நல்ல ஆண்டுகளில் நம் மண்ணின் வண்டலும் நன்னீரும் முகத்துவாரம் வரையில் சென்று சேரும். கழிமுகத்து நீரின் உப்பைத் தணித்து, இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பெருக உதவுவது அந்த வெள்ளமே. இறாலும் நண்டும் பெருகினால் செப்பிலிக் குஞ்சுக்கு இரை உண்டு. ஆற்றில் விழும் எச்சிற் சரக்கும், பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிநீரும், பிளாஸ்டிக் குப்பையும் அதே வழியாகவே அங்கே போய்ச் சேரும். ஆற்றுநீர் கடலில் கலப்பது வீண் என்று சொல்வோர் பலர். அளவுக்கு மிஞ்சிய வெள்ளம் பாசனத்துக்குத் தேங்கவேண்டும் என்பதில் எமக்கு ஆட்சேபணை இல்லை. வானம் பார்த்த நாட்டில் அதை மறுப்பவர் யார்? ஆனால் கடலைச் சேரும் நீர் முழுவதும் வீண் என்னும் கூற்றை மட்டும் ஏற்பதற்கில்லை. அது முகத்துவாரத்தில் இன்னொரு வயலுக்குப் பாய்கின்றது.

அடுத்து, வாங்குவோர் கை. சந்தையில் உள்ளங்கையளவு செப்பிலிக்கும் இரண்டு கிலோச் செப்பிலிக்கும் கிலோ ஒன்றுக்குக் கிடைக்கும் விலையில் பெரும் வித்தியாசமில்லாதிருந்தால், குஞ்சைக் கடலில் விடும்படி மீனவரை வேண்டுவது பயன்படாது. அவர்களுக்கும் கடனும் குடும்பமும் உண்டு. கேரளத்தில் 2015-இல் 14 இனங்களுக்கும், 2017-இல் மேலும் 44 இனங்களுக்கும், இன்ன அளவுக்குக் குறைந்ததைப் பிடிக்கலாகாது என்று வரம்பு நிர்ணயித்தார்கள். சட்டம் படகுத்துறையில் நிற்கும். பெட்டியில் பனிக்கட்டி போட்டபின் அதைத் தொடர்ந்து வருவது கடினம். பட்டைக் கோடு மறையாத பெரிய செப்பிலியின் குஞ்சை வாங்காமல் விடுவது நுகர்வோரின் கையிலேயே இருக்கின்றது. சிறிய அளவிலேயே முதிர்ச்சி அடையும் செப்பிலி இனங்களை உண்பதற்குத் தடையில்லை. நிறமும் பட்டையும் பார்த்து வேறுபாட்டை அறிந்துகொள்ளல் வேண்டும். பிஞ்சிலே பறித்த கத்தரிக்காய்க்கு மறுபறிப்பு உண்டு. பிஞ்சிலே பறித்த செப்பிலிக்கு மறுபறிப்பு இல்லை.

உவர்க்குளம் வெட்டும் யோசனை

இனி, சர்ச்சைக்குரிய விஷயத்துக்கு வருவோம். கிணறு உவர்த்தது, மழை பொய்த்தது, மிளகாய்க்கு விலையில்லை, நிலத்தில் சீமைக்கருவேல் மண்டியது. இந்நிலையில், உவர்நீரைத் தேக்கிச் செப்பிலியோ இறாலோ வளர்த்தால் நல்ல வருமானம் வருமே என்று கேட்பவரை நாம் பரிகசிக்கலாகாது. அவருடைய கஷ்டம் மெய்யான கஷ்டம். செப்பிலி குறைந்த உப்புள்ள நீரிலும் வாழும் என்பதும் உண்மை. தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய தேசங்களில் இதைக் கூண்டுகளிலும் குளங்களிலும் வளர்க்கின்றனர். இத்தனையையும் ஒப்புக்கொண்ட பின்னரும், வீரசோழன் பிரதேசத்து விளைநிலத்தில் இம்முயற்சி தகாது என்பதே எமது திடமான அபிப்பிராயம். காரணங்களைக் கூறுவோம்.

முதற்காரணம் வித்து. செப்பிலி குளத்தில் வளருமேயன்றிக் குளத்தில் பெருகாது. ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியிலிருந்து வாங்கவேண்டும். பொரித்த குஞ்சின் வாய் மிக நுண்ணியதாதலால் அதற்கு முதல் இரை ஊட்டி வளர்ப்பது கைதேர்ந்த நிபுணர்களுக்கே அரிய காரியம். பொரிப்பகத்துக் குஞ்சு கிடையாதபோது கழிமுகத்தில் வலைபோட்டுக் குஞ்சு பிடிப்பவரிடம் வாங்க நேரும். அது கடலின் முதலையே வாங்கி நம் குளத்தில் விடுவதாகும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீனள ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையத்தார் 2010-இல் கடல்விராலையும், 2011-இல் வெள்ளை வாவலை ஒத்த பம்பனோ மீனையும் அடைப்பிலேயே முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அத்தகைய முயற்சிகளின் பலன் கடலில் மிதக்கும் கூண்டுகளுக்கே முதலில் உரியது. அவற்றைச் செய்யவேண்டியவர்கள் கடற்கரை மீனவர்கள். உள்நாட்டு நிலச்சொந்தக்காரர் அதில் போட்டியிடுவது அவருக்கும் இலாபமன்று, மீனவருக்கும் நியாயமன்று.

இரண்டாவது, தீனி. கெண்டை வகைகள் பாசியையும் நீரிலுள்ள நுண்ணுயிரையும் தவிட்டையும் பிண்ணாக்கையும் தின்று வளரும். செப்பிலி மாமிசம் உண்பது. சிறு மீன்களை இரையாகப் போட்டு வளர்த்தால் ஒரு கிலோச் செப்பிலிக்கு ஐந்தாறு கிலோ மீன் செலவாகும். கருவாட்டுக்கும் ஏழைகளின் குழம்புக்கும் உதவவேண்டிய மீனைப் பணக்காரர் உண்ணும் மீனுக்குத் தீனியாக்குவது கணக்கிலும் நஷ்டம், நியாயத்திலும் நஷ்டம். பல மைல் தூரத்திலிருந்து அதைப் பனிக்கட்டியில் கொண்டுவரும் செலவு வேறு.

மூன்றாவது, மண். இதுவே தலையாய காரணம். உவர்நீரை ஒருவர் தம் நிலத்தில் தேக்கினால் அது அவருடைய வரப்போடு நிற்பதில்லை. கசிவு அண்டை நிலத்துக் கிணற்றைச் சென்று சேரும். கரிசல் மண்ணில் உப்பேறினால் அதன் கட்டு குலைந்து, மழைக்காலத்தில் சேறாகவும் கோடையில் பாறையாகவும் ஆகிவிடும். அதைத் திருத்த ஜிப்சமும் நன்னீரும் வேண்டும். நன்னீர் இல்லாமையாலன்றோ இந்த யோசனையே பிறந்தது! கடற்கரை மாவட்டங்களில் இறால் பண்ணைகள் பெருகி நெல்வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் கெட்டபோது, காந்தியவாதியாகிய எஸ். ஜகந்நாதன் அவர்கள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பளித்தனர். விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் கிராமப் பொது நிலத்தையும் இறால் குளமாக மாற்றலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார அமைப்புச் சட்டம் இயற்றப்பட்டு, கடலோரப் பண்ணைகள் பதிவு செய்துகொண்டே நடத்தப்படவேண்டும் என்று ஏற்பட்டது. கடலோரத்தார் பட்ட பாட்டை, கடலையே காணாத கரிசல்காட்டார் விலைகொடுத்து வாங்குவானேன்? உப்புநீர்க் குளத்துக்கு அனுமதி கோரி எவரேனும் வரின், கிராம உத்தியோகஸ்தர்கள் முதலில் அண்டை நிலத்துச் சொந்தக்காரர்களின் கிணறுகளை நேரில் பார்வையிடல் வேண்டும்.

கண்மாயே நமது கடல்

ஆயின், மீன் வளர்ப்பே நமக்கு வேண்டாமா? வேண்டும். அதற்கு நம் முன்னோர் வெட்டிவைத்த கண்மாய்கள் உள்ளன. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டைகள் வடநாட்டு ஆறுகளில் பிறந்தவை. இவையும் செப்பிலியைப்போலவே தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆதியில் இவற்றின் குஞ்சுகளை ஆறுகளிலேயே சேகரித்து வந்தனர். 1957 ஜூலை 10-இல் டாக்டர் ஹீராலால் சௌதுரி அவர்கள் ஒரிஸ்ஸாவில் கபச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தது முதல் அக்குறை நீங்கிற்று. இன்று நம்பகமான குஞ்சுகளைப் பண்ணைகளிலிருந்து பெறலாம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்தவுடன் விரல் நீளக் குஞ்சுகளை விட்டால், கோடையில் நீர் வற்றுமுன் விற்பனைக்குத் தக்க எடை அடைந்துவிடும். நமது கண்மாயில் நீர் நிற்கும் சில மாதங்களுக்குப் பொருந்துவது இத்தகைய விரைந்து வளரும் மீனேயன்றி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டிய செப்பிலியன்று.

ஆனால் கண்மாய் மீனிலும் நாம் கடலில் காணும் அதே பிழையைச் செய்துவருகின்றோம். குத்தகைதாரர் தம் தவணைக்குள் போட்ட பணத்தை எடுக்கவேண்டுமென்று அவசரப்படுகின்றார். அதனால் மீனுக்காக மடையைத் திறந்து நீரை வடியவிடும் கொடுமை பல ஊர்களில் நடைபெறுகின்றது. ஆயக்கட்டில் கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நெற்பயிர் கருகுவதும், ஆடுமாடுகள் குடிக்க நீரின்றி அலைவதும், கிணறுகளில் ஊற்று அடங்குவதும் இதன் விளைவு. கொசுவலை போன்ற நெருங்கிய வலையால் குஞ்சுகளையும் வாரிவிடுவதால், அயிரை, குரவை, விரால், கெளுத்தி முதலிய நாட்டு மீன்கள் அருகி வருகின்றன. பெருங்கெண்டைக் குஞ்சைப் பணங்கொடுத்து வாங்கலாம். நாட்டு மீனின் வித்து கண்மாயிலேயே இருக்கவேண்டும்.

ஆகவே ஊராட்சிகளும், ஆயக்கட்டுதாரர்களும், கிராம உத்தியோகஸ்தர்களும் குத்தகை ஏலத்தின்போதே சில நிபந்தனைகளை எழுத்துமூலமாகச் சேர்த்துக்கொள்ளுதல் நலம் என்று கருதுகின்றோம். அவையாவன:

1. மீன் பிடிப்பதற்காக மடை திறத்தலோ, இயந்திரம் வைத்து நீர் இறைத்தலோ கூடாது. மீறினால் முன்பணம் பறிமுதல் ஆகும்.

2. கண்மாயின் ஆழ்ந்த பள்ளத்தில், ஊரார் குறிக்கும் மட்டத்துக்குக் கீழ் உள்ள நீரிலும் அதிலுள்ள மீனிலும் குத்தகைதாரருக்கு உரிமையில்லை. அது மறு ஆண்டுக்கு வித்து, ஆடுமாடுகளுக்குக் குடிநீர்.

3. பார்ப்போடு திரியும் விராலைப் பிடித்தல், நஞ்சு கலத்தல், வெடி வைத்தல், கொசுவலை போடுதல் ஆகியவை முற்றும் விலக்கு.

4. ஏலத்தை மழைக்கு முன்னரே முடிக்கவேண்டும். நீர் வந்தபின் ஏலம் விட்டால் குஞ்சு விடும் காலம் கடந்துவிடும், குத்தகைதாரரும் அவசரப்படுவார்.

5. கோடையில் ஊர் கூடி மீன் பிடிக்கும் திருவிழா வழக்கத்திலுள்ள கிராமங்களில் அதை நிறுத்தவேண்டாம். ஆழ்ந்த பள்ளத்தை மட்டும் கலக்காமல் விடும்படி ஊர்ப் பெரியோர்கள் கட்டுப்பாடு செய்யலாம்.

இந்நிபந்தனைகளால் குத்தகைத் தொகை குறைந்துவிடுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். முதலாண்டில் சிறிது குறையவுங்கூடும். ஆனால் ஒரு போக நெல்லின் கடைசித் தண்ணீருக்கும், கிணற்று ஊற்றுக்கும், ஆட்டுக் கிடைக்கும் என்ன விலை போடுவது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கட்டும். கண்மாய்க்கு மீனால் வருவது உபரி. நீரால் வருவதே முதல். உபரிக்காக முதலை ஏலம் விடுவது குடித்தனத்துக்கு அழகன்று.

இவ்விடத்தில் ஒரு பெரியாரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். விவசாயக் கடன் பாங்குகளைப்பற்றி 1895-இலும் 1897-இலும் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதி, இந்நாட்டுக் கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்கு வித்திட்டவர் ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் என்பதைக் கூட்டுறவாளர் அறிவர். அவரே பின்னர் மீன்பிடித் தொழிலை ஆராய்ந்து, 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன் இலாகா தோன்றக் காரணராயிருந்தார். குடியானவனின் கடனையும் கடலின் செல்வத்தையும் ஒரே மனிதர் ஆராய்ந்தது தற்செயலாயிருக்கலாம். ஆயினும் இரண்டிற்கும் சட்டம் ஒன்றே. வட்டியை உண்டால் முதல் நிற்கும். முதலை உண்டால் வட்டியும் இல்லை, முதலும் இல்லை.

கடலில் பெரிய செப்பிலி ஒன்று தன் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் வேண்டும். அதைப் பிடித்துத் தின்ன ஒரு பொழுது போதும். வீரசோழன் கண்மாய்க்குக் கரை போட்டவர்களின் உழைப்பும் அத்தகையதே. இவ்வாண்டு மழைக்கு முன் நடைபெறும் ஏலத்தில் மேற்கண்ட நிபந்தனைகளை ஒரு கிராமத்தாராயினும் எழுதி நிறைவேற்றி, அடுத்த கோடையில் பள்ளத்தில் நிற்கும் நீரை அளந்து பார்ப்பார்களாயின், அண்டைக் கிராமத்தாருக்கு அதைவிடச் சிறந்த உபதேசம் வேறு வேண்டுவதில்லை.